ஹெக்சேன் வளையவில்லை

ஆறு மணிக்கே வந்து ஏசியைப் போட்டுவிட வேண்டும்.
ஜெலுத்தோங் காற்றில் பாதி கடல்.
சீப்பில் ஏற்றும் மின்னூட்டத்தை
கைமாற்று வாங்கியவன் போல
சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துப் போய்விடும்.
இரண்டு மணி நேரம் உலர்ந்த அறையில்தான்
இந்தச் சோதனை பலிக்கும்.
டாக்டர் ஊய் எட்டரைக்கு வருவார்,
எல்லாம் தானாக நடந்தது போல.

இரண்டு பியூரெட்.
ஒன்றில் தண்ணீர், ஒன்றில் ஹெக்சேன்.
பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.
சீட்டு ஒட்டாவிட்டால் எனக்கே தெரியாது,
மூக்கு சொன்னால் உண்டு.

ஆறரைக்குப் போன்.
பாசிர் கூடாங்கில் இரவு வேலை முடிந்து
கிரேனிலிருந்து இறங்கியதும் பார்த்திபன் அடிப்பது.
"பசியாறிட்டியா?"
"இன்னும் இல்ல. நீங்க?"
"இனிமேதான்."
"சரி."
"சரி."
பதினோரு நொடி. ஒன்பது வருடம்.

எங்களுக்குள் சண்டை கிடையாது,
அக்காவுக்கே பொறாமை.
அவர் தெற்கே வீடு பார்க்கலாம் என்பார்,
நான் பினாங்கிலேயே என்பேன்.
கரியமில வாயு மாதிரி நேர்கோடு:
இரு பக்கமும் ஒரே பலம்,
கூட்டினால் பூச்சியம்.
இழுப்பு இல்லாமல் இல்லை,
கணக்கில் வருவதில்லை, அவ்வளவுதான்.
நடுவில் இருப்பது என்னவென்று
நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

முப்பத்திரண்டு பேர், மேலங்கிக்குப் பொத்தான் போடாமல்.
சீப்பைத் தேய்க்க ஒரு தலை வேண்டும்.
என்னுடையது உதவாது, தேங்காய் எண்ணெய்.
கைருலின் பரட்டை முடி முன்னால் வந்தது. சிரிப்பு.

தண்ணீரைத் திறந்தேன்.
நூலாக இறங்கி
சீப்பைக் கண்டதும் இடுப்பை ஒடித்தது.
ஓ என்றார்கள்.
டாக்டர் ஊய் பலகையில் ஆக்சிஜன் வரைந்தார்,
கீழே இரண்டு கை, நூற்று நாலரை டிகிரி.
யாரோடும் பகிராத இரண்டு ஜோடி எலக்ட்ரான்
தலைமேல் உட்கார்ந்து
கைகளை நெருக்குகின்றனவாம், அந்தக் கோணலுக்கு அதுதான் காரணம்.
பகிராதவைதான் உருவத்தைத் தீர்மானிக்கின்றன
என்று அவர் சொல்லவில்லை.
ஈரத் துணியைப் பிழிந்தபடி
நானாகச் சொல்லிக்கொண்டேன்.

ஹெக்சேனைத் திறந்தேன்.
சீப்பு வந்தது, சுற்றியது, திரும்பிப் போனது.
அது பாட்டுக்குக் கீழே விழுந்துகொண்டிருந்தது.
"போரிங்" என்றது பின்வரிசை.

லோஷினிதான் கேட்டாள்:
இழுப்பே இல்லையென்றால்
இது ஏன் இன்னும் திரவமாக இருக்கிறது?
கை கோக்காத கூட்டம்
இந்நேரம் கலைந்திருக்க வேண்டாமா?

ஏசி மட்டும் பேசியது.
டாக்டர் ஊய் மார்க்கரை மூடினார்.
எலக்ட்ரான் நிலைகொள்ளாதது.
ஒரு கணம் இந்தப் பக்கம் கூடும்.
அதைப் பார்த்துப் பக்கத்து மூலக்கூறும் சாயும்.
அடுத்த கணம் இரண்டுக்கும் மறந்துவிடும்.
மறுபடி சாயும்.
அற்பம்தான், ஆனால் ஓய்வதில்லை.

என் தலைக்கு மேலே சுவரைக் காட்டினார்:
அந்தப் பல்லிக்குக் காலில் பசை கிடையாது,
இந்த அற்பத்தைப் பிடித்துத்தான் தொங்குகிறது.

பல்லி விழுந்தால் என்ன பலன் என்று
பஞ்சாங்கத்தில் இருக்கிறது,
தலைக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று.
விழாமல் இருப்பதற்குப் பலன்
யாரும் எழுதி வைக்கவில்லை.

பதினோரு நொடி,
மூவாயிரத்துச் சொச்சம் காலை.

அவர்கள் போனபின் மேசையைப் பார்த்தேன்.
சிந்திய ஹெக்சேன்
துணி எடுப்பதற்குள் காணாமல் போயிருந்தது.
தண்ணீர்ச் சொட்டு மட்டும்
கூன் போட்டு அங்கேயே இருந்தது.
இரண்டையும்தான் இன்று காலை பார்த்தேன்,
ஒன்றை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

கான்டீனில் ரொட்டி சானாய் தீர்ந்திருந்தது. பன் கிடைத்தது.
மணி பத்து ஐம்பது, தூங்கியிருப்பார்.
யாரும் கேட்காமலே
"பசியாறிட்டேன்" என்று அனுப்பினேன்.
சாம்பல் நிறத்தில் ஒரு டிக்.
கொஞ்சம் பொறுத்து, இரண்டு.